மினியேச்சர் எப்போது பொம்மையாகத் தெரிகிறது?

ஆரியபட்டன்2 கேட்டது:

1968-ல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யின் டிஸ்கவரி கலத்தை இன்றைக்குப் பெரிய திரையில் பார்த்தாலும் அது கலமாகவே இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து வந்த படங்களில் 80 மீட்டர் ரோபோ ஓடி வந்தால் திருவிழாக் கடை பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது. இதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் “கையால் செய்ததைப் படம் பிடித்தால் நிஜம், கணினியில் செய்தால் போலி” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் பழைய படங்களில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் போர்க்கப்பல்கள் ஏன் சிரிப்பு மூட்டுகின்றன? அவையும் கையால் செய்தவைதானே.

கூடவே ஒரு நடைமுறைக் கேள்வி. இரண்டு நிமிடக் குறும்படம். வேற்றுக்கிரகக் கலம் மோதி ஒரு நாலு மாடிக் கட்டடம் சரிய வேண்டும். 1/25 அளவில் 60 செ.மீ. உயரக் கட்டடம் போதும் என்று திட்டம். கேமரா, வினாடிக்கு 240 ஃபிரேம் வரை எடுக்கும் போன். 240-லேயே எடுத்துவிட்டால் பிரமாண்டம் வந்துவிடுமா? கட்டடத்தை எதில் செய்வது? கைவசம் இருப்பது தெர்மகோல்.

---

வேகத்தடை:

உங்கள் இரண்டாவது கேள்வியைப் பிடித்தால் முதல் கேள்வி தானாக அவிழும்.

திரையில் ஒரு பொருளின் அளவு நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை. கிடைக்கும் தடயங்களை வைத்துக் கண் கணக்குப் போடுகிறது. அதில் முதன்மையான தடயம், விழுவதற்கு ஆகும் நேரம். 15 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு கல் தரைக்கு வர 1.75 வினாடி ஆகும். உங்கள் 60 செ.மீ. மாடியிலிருந்து 0.35 வினாடியில் வந்துவிடும். சாதாரண வேகத்தில் எடுத்தால் பார்ப்பவருக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் ‘சின்னது’ என்று புரிந்துவிடும். உயரத்தில் 25 மடங்கு வித்தியாசம், நேரத்தில் 5 மடங்குதான். அதாவது வர்க்கமூலம். ஆகவே 24 ஃபிரேமை 5-ஆல் பெருக்கி 120 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் அந்த 0.35 வினாடி, 1.75 வினாடியாக நீளும்.

இதே கணக்கில் 1/4 அளவுக்கு 48 ஃபிரேம், 1/16-க்கு 96, 1/100-க்கு 240. கடையில் கிடைக்கும் 1/64 அளவு உலோகக் கார்களுக்கு 192. எனவே 240-ல் எடுத்து எல்லா ஃபிரேமையும் 24-ல் ஓட்டினால் உங்கள் கட்டடம் 60 மீட்டர் கோபுரம் விழுகிற நிதானத்தில் விழும். ஆனால் ஜன்னலை எண்ணினால் நாலு மாடிதான் இருக்கும். இந்த முரண்பாடும் உறுத்தும். மெதுவாக ஓட்டினால் பெரிதாகத் தெரியும் என்பது பாதி உண்மைதான், ஒரு எல்லைக்கு மேல் அது வெறும் ஸ்லோமோஷன். 120-லேயே எடுங்கள். 240-ல் எடுத்து ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை நீக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவின் மங்கல் பாதியாகி, கற்கள் துள்ளித் துள்ளி விழும்.

1954-ன் ‘காட்ஜில்லா’ இதே 1/25 கணக்கில்தான் நிற்கிறது. கதையில் மிருகத்தின் உயரம் 50 மீட்டர், உடையணிந்த நடிகர் சுமார் 2 மீட்டர், ஊரும் 1/25. தந்திரக் காட்சிகளைக் கவனித்த எய்ஜி சுபுராயா அதிவேகக் கேமராவில் எடுத்ததால்தான் ஒரு மனிதன் ரப்பர் உடைக்குள் நடப்பது மலை நகர்வதாகத் தெரிகிறது. அந்த உடை ஏறத்தாழ 100 கிலோ. நடிகர் திணறித்தான் நடந்தார், படத்துக்கு அது லாபமாகவே முடிந்தது.

தொட்டிக் கப்பலுக்கு வருவோம். அங்கே ஃபிரேமைக் கூட்டினாலும் தப்பிக்க முடியாது. தண்ணீர்த் துளியின் அளவைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை. கப்பலைச் சிறிதாக்கலாம், துளியைச் சிறிதாக்க முடியாது. 4 மிமீ துளி 1/25 காட்சியில் 10 செ.மீ. உருண்டையாகத் தெறிக்கும். தேங்காய் அளவுத் துளி எந்தக் கடலில் இருக்கிறது? அதனால் தண்ணீர் வந்தால் மாடல் 1/4 அளவாவது இருக்க வேண்டும். தீயும் இதே வில்லங்கம்தான், நாக்குகள் கட்டடத்துக்குப் பொருந்தாத பருமனில் எழும். உங்கள் கதையில் உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது மாதிரி ஏதாவது இருந்தால் அதை இப்போதே வெட்டிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. விண்வெளியில் எதுவும் விழுவதில்லை, அங்கே இந்த வர்க்கமூலக் கணக்கு தேவையில்லை. டிஸ்கவரி பிழைத்தது வேறு காரணத்தால்.

---

கரும்பெட்டி:

அந்த வேறு காரணம் ஃபோகஸ். நிஜத் தெருவை மாடியிலிருந்து எடுத்து, மேலும் கீழும் மங்கலாக்கிப் பாருங்க. டில்ட் ஷிஃப்ட்னு போன் ஆப்லயே இருக்கு. ஒரு நொடியில பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி வண்டி ஆயிடும். பொருள் நிஜம், அளவும் நிஜம், ஆனா பொம்மை. “நிஜமா செஞ்சா நிஜமா தெரியும்”ங்கற வாதம் அங்கேயே முடிஞ்சுது. பக்கத்துல இருக்கற சின்னப் பொருளைப் பார்க்கும்போதுதான் முன்னும் பின்னும் மங்கும்னு கண்ணுக்குப் பழக்கம். அதனால மினியேச்சர்ல மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே கூர்மை வேணும்.

டிஸ்கவரியோட பெரிய மாடல் 54 அடி நீளம். அவ்வளவு நீளத்தையும் கூர்மையா பிடிக்க லென்ஸ் துவாரத்தை ஊசி முனையா சுருக்கினாங்க. வெளிச்சம் போதலை, அதனால ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 4 வினாடி ஷட்டர் திறந்து வெச்சாங்க. கலத்தோட கதவுகள் திறக்கற ஒரு ஷாட்ல கதவு நகர்ந்த தூரம் மொத்தமே 4 அங்குலம், எடுக்க ஆனது 5 மணி நேரம். அசைவு வெறும் கண்ணுக்கே தெரியாது, கடிகாரத்துச் சின்ன முள் மாதிரி. நிழல்ல நிரப்பு விளக்கும் கிடையாது. வெளிச்சத்தைச் சிதறடிக்க விண்வெளியில காத்து இல்லையே. ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் கறுப்பு. இன்னிக்கும் சில படங்கள்ல விண்கலத்துக்கு நாலு பக்கமும் லைட் போட்டு வெண்ணெய் மாதிரி காட்டறாங்க. அழகா இருக்கும், கூடவே மேஜை மேல இருக்கற மாதிரியும் இருக்கும்.

உங்க போன் கதைக்கு வரேன். சென்சார் சின்னதுன்னா எல்லாமே ஃபோகஸ்ல இருக்கும்னு நம்பாதீங்க. சாதாரணப் போனோட முதன்மை லென்ஸை 60 செ.மீ. கிட்டத்துல வெச்சா முன்பின் சேர்த்து ஏறத்தாழ ஒரு சாண்தான் தெளிவு. ஒன்றரை மீட்டர் தள்ளி வெச்சா 1 மீட்டர்ல இருந்து இரண்டரை மீட்டர் வரைக்கும் கிடைக்கும். போர்ட்ரெய்ட், சினிமாட்டிக் மாதிரி பின்னணியை மங்கலாக்கற எந்த மோடும் வேண்டாம். போனைத் தலைகீழா நிறுத்துங்க. நேரா நிறுத்தினா லென்ஸ் மேல் மூலையில போயிடும். தெருவுல நிக்கற மனுஷன் கண் உயரம் 160 செ.மீ., உங்க ஊர்ல அது 6.4 செ.மீ. லென்ஸ் அந்த உயரத்துல இருந்தா கட்டடத்தை அண்ணாந்து பார்க்கற உணர்வு வரும். 15 செ.மீ. உயரத்துக்குப் போனாலே முதல் மாடி பால்கனிப் பார்வை.

வெளிச்சத்துக்கு வெயில்தான் சரி. 120 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/240 வினாடி வேணும். தனி கேமரான்னா முழு வெயில்ல ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 250, லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/250, கணக்கு கச்சிதமா உட்காரும். போன்ல துவாரம் மாறாது, எஃப் 1.8 பக்கத்துல நிக்கும். அதனால வெயில்ல அது தானா ஷட்டரை 1/4000 வரைக்கும் ஏத்திடும். ஒவ்வொரு கல்லும் கத்தி மாதிரி கூர்மையா விழுந்து, அசைவு வெட்டி வெட்டி வரும். மேனுவல் ஆப்ல ஷட்டரை 1/240-ல பூட்டி, ஐஎஸ்ஓ 50 வெச்சு, வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்கா குறைக்கற என்டி 16 ஃபில்டரை லென்ஸ் முன்னாடி மாட்டுங்க.

வீட்டுக்குள்ள எல்இடி பல்ப் போட்டு எடுக்கவே எடுக்காதீங்க. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு பல்ப் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. 120 ஃபிரேம்ல எடுத்து மெதுவா ஓட்டினா காட்சி முழுக்க வெளிச்சம் ஏறி இறங்கும், எடிட்டிங்ல அதைச் சரி பண்றது பெரும்பாடு. உள்ளதான் எடுக்கணும்னா பேட்டரியில ஓடற பேனல், அதுவும் டிம் பண்ணாம முழு வெளிச்சத்துல.

அடுத்தது காத்து. நிஜ ஊர்ல ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற கட்டடம் வெளிறித் தெரியும். உங்க 1/25 ஊர்ல அந்த ஒரு கிலோமீட்டர் வெறும் 40 மீட்டர், அவ்வளவு இடமே இருக்காது. அந்த மங்கலை நாமதான் போடணும். 1982 ‘பிளேடு ரன்னர்’ தொடக்கத்துல வர்ற தொழிற்சாலை நகரம், செதுக்கின பித்தளைத் தகட்டு உருவங்களும் ஃபைபர் ஆப்டிக் விளக்குகளும்தான். தூரம் போகப் போக அளவைக் குறைச்சு அடுக்கி, அறையைப் புகையால நிரப்பி, 65 மிமீ ஃபிலிம்ல எடுத்தாங்க. புகைதான் அதைப் பத்து கிலோமீட்டர் ஆக்குச்சு. ஆனா புகையில ஒரு தொல்லை உண்டு. ஒரே காட்சியைப் பல தடவை ஓட்டி எடுக்கும்போது புகை கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் அடுக்குகள் ஒட்டாது. உங்களுக்கு அது வேண்டாம். முன் கட்டடத்துக்கும் பின் வரிசைக்கும் நடுவுல வெள்ளை நெட் துணி, மணப்பெண் முக்காட்டுக்குப் போடற மெல்லிசு, இறுக்கமா இழுத்துக் கட்டுங்க. அதுக்குப் பின்னாடி இன்னொரு வரிசை, இன்னொரு நெட். நெட் மேல நேரா வெயில் பட்டா வலை தெரிஞ்சுடும், அதை மட்டும் நிழல்ல வெச்சுக்கோங்க.

இதெல்லாம் ஹாலிவுட் சங்கதி மட்டும் இல்ல. சென்னை விஜயா வாஹினியில எடுத்த 1957 ‘மாயா பஜார்’ துவாரகை, 50-க்கு 60 அடி இடத்துல முந்நூறு குட்டி வீடு, எல்லாத்துலயும் விளக்கு. மார்கஸ் பார்ட்லி கேமரா. படம் பார்க்கும்போது ஊராத்தானே தெரியுது?

---

மூன்றாவதுகண்:

மேலே இரண்டு பேரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இழை போகிற போக்கில் கணினி வேலைப்பாடு குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. அங்கே நடக்கும் தப்பும் இதே தப்புதான், கருவி வேறு, அவ்வளவே.

1.8 மீட்டர் மனிதன் ஓர் அடி வைக்க அரை வினாடி என்று வையுங்கள். 80 மீட்டர் ரோபோ 44 மடங்கு உயரம். வர்க்கமூலம் 6.7. அப்படியானால் அதன் ஓர் அடிக்கு 3.3 வினாடி. 2013-ன் ‘பசிபிக் ரிம்’ ஓரளவு இதற்குக் கட்டுப்பட்டது. குத்துவதற்குக் கையைப் பின்னால் இழுப்பதற்கே நேரம் எடுக்கும். மழை, கடல், இரவு எல்லாம் சேர்ந்து அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பட்டப்பகலில் ரோபோக்கள் குதித்து, உருண்டு, சுழன்று அடிக்கின்றன. படவேலை மோசமில்லை, உலோகம் உலோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை போய்விட்டது. நம்மவர் கேட்ட ‘திருவிழாக் கடை பொம்மை’ அங்கேதான் பிறக்கிறது.

இயக்குநர் பக்கமும் நியாயம் உண்டு. ஓர் அடிக்கு மூன்று வினாடி என்றால் சண்டைக்காட்சி தூங்கிவிடும். இதற்கு வழி, பெரிய உடலை நிதானமாக விட்டு, அதைச் சுற்றியுள்ள சின்னச் சமாச்சாரங்களைப் பரபரப்பாக்குவது. தோளிலிருந்து வழியும் தண்ணீர், அறுந்து தொங்கும் கம்பி, காலடியில் சிதறும் கார்கள், கண்ணாடித் தூள். உடல் 3 வினாடி எடுக்கட்டும், அந்த மூன்று வினாடிக்குள் திரையில் முப்பது சம்பவம் நடக்கட்டும்.

இன்னொரு தடயம், நாம் அளவு அறிந்த பொருள் ஒன்று பக்கத்தில் இருப்பது. ஷங்கரின் ‘2.0’-ல் மொபைல் போன்களால் ஆன பறவை வருகிறது. அந்த யோசனை இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம். போன் எவ்வளவு பெரிது என்று தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருவர் கைக்கும் தெரியும். பறவையின் அளவுக்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது, கேமரா எங்கே நிற்கிறது என்பது. 80 மீட்டர் ரோபோவின் மூக்கு நுனியிலிருந்து கிளம்பி, கால் இடுக்கில் புகுந்து, முதுகைச் சுற்றி மேலே ஏறும் ஷாட்டைக் கணினியில் சுலபமாகப் போடலாம். நிஜத்தில் அப்படிப் பறக்க முடிவது ஒரு கைப்பொம்மையைச் சுற்றித்தான். ஹெலிகாப்டர், படகு, மொட்டைமாடி, தரையில் ஓடுகிற ஒருவன் தோள் என்று கேமராவை மனிதன் போகக்கூடிய இடத்தில் வையுங்கள். பாதி நம்பகம் அங்கேயே வந்துவிடும்.

‘பழசெல்லாம் பொன்’ அணிக்கும் ஒரு வார்த்தை. 1980-ன் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் பனிக்கிரகச் சண்டையைப் பழைய பிரதியில் பாருங்கள். ஓட்டுநர் அறையின் சட்டங்கள் வழியாகப் பின்னணி தெரியும். அன்று நீலத்திரை முன்னால் எடுத்து, தனித்தனி ஃபிலிம்களை ஒரே ஃபிலிமில் மறுபடி படம் பிடிக்கும் ஆப்டிகல் பிரின்டரில் அடுக்குகளை ஒட்டினார்கள். ஒட்டும் விளிம்பில் கறுப்புக் கோடு விழும். கறுப்பு விண்வெளியில் அது மறைந்துபோகும், வெள்ளைப் பனியில் பளிச்சென்று தெரியும். கோட்டை அடக்க அடர்த்தியைக் குறைத்தார்கள், கூடவே சட்டமும் கண்ணாடியாகிவிட்டது. 1997-ல் கணினியில்தான் சரிசெய்தார்கள். இதே ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் முதல் படத்தில் நாயகன் அணி ‘நீலப் படை’ என்றிருந்து ‘சிவப்புப் படை’ ஆனதும் நீலத்திரை உபயம். கலத்தின் மேல் நீலப் பட்டை போட்டால் திரையோடு சேர்ந்து பட்டையும் மறைந்துவிடும்.

‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) எடுத்த வழிதான் எனக்கு உகந்தது. என்டூரன்ஸ் கலம் 1/15 அளவில் 25 அடி மாடல். கருந்துளை, இயற்பியலாளர் கிப் தோர்னின் சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் வரைந்தது. எது எதற்குப் பொருந்துமோ அது.

---

காளவாய்:

கட்டடம் கட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தெர்மகோல் வேண்டாம். எடை இல்லாததால் காற்று அதைத் தாங்கும். கான்கிரீட் துண்டு மெத்தென்று மிதந்து இறங்கினால் 120 ஃபிரேம் கணக்கெல்லாம் வீண். பின்னணி மலை செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எடுங்கள். ஜப்பானிய ராட்சதப் படங்களில் நொறுங்கும் கட்டடங்களும் மெல்லிய பிளாஸ்டர்தான். ஆனால் அப்படியே வார்த்தால் உடையாது. காரணம் இது. 1/25-ல் எடை 25 × 25 × 25, அதாவது 15,625 மடங்கு குறைகிறது. சுவரின் பலம் வெட்டுப்பரப்பைப் பொறுத்தது, அது 625 மடங்குதான் குறைகிறது. ஆக, உங்கள் குட்டிக் கட்டடம் தன் எடையைத் தாங்குவதில் நிஜத்தைவிட 25 மடங்கு முரடு. அதை வேண்டுமென்றே நோஞ்சானாக்க வேண்டும்.

வழக்கமாக 100 கிராம் பொடிக்கு 60-70 கிராம் தண்ணீர் ஊற்றுவார்கள். நீங்கள் 100-க்கு 100 ஊற்றுங்கள். இறுக நேரமாகும், ஆனால் காய்ந்தபின் பிஸ்கெட் மாதிரி நொறுங்கும். கண்ணாடிப் பலகையில் எண்ணெய் தடவி, 4 மிமீ பட்டை ஓரம் வைத்து, தகடாக வாருங்கள். தண்ணீரில் கலக்கும்போதே நிறம் சேர்த்துவிட வேண்டும். சுவருக்குக் காவிப் பொடி, தளத்துக்குக் கொஞ்சம் கறுப்பு. மேலே மட்டும் பெயின்ட் அடித்தால் உடைந்த இடமெல்லாம் சாக்பீஸ் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

ஒன்பது அங்குலச் சுவர் 1/25-ல் 9 மிமீ வரும். முழுச் சுவரையும் அந்தப் பருமனில் வார்த்தால் உடையாது. ஜன்னல், கதவு ஓரங்களில் மட்டும் 9 மிமீக்கு உள்பக்கம் பட்டை ஒட்டுங்கள், கண்ணுக்குச் சுவர் தடிமன் சரியாக இருக்கும். தகட்டின் பின்புறம் கத்தியால் 2 மிமீ ஆழத்துக்குக் கோணல்மாணலாகக் கீறிவிடுங்கள். நேர்கோட்டில் கீறினால் சாக்லேட் மாதிரி கட்டம் கட்டமாக உடையும். தளத்துக்குள் அரை மிமீ செம்புக் கம்பி வைத்து வாருங்கள், 12 மிமீ முறுக்குக் கம்பிக்கு அதுதான் கணக்கு. உடைந்த துண்டு கம்பியில் தொங்கும்போது வேறு விளக்கமே வேண்டாம்.

குறைந்தது இரண்டு நாள் காயட்டும். ஈரம் இருந்தால் நொறுங்காது, நசுங்கும்.

உள்ளே காலியாக விடாதீர்கள். சுவர் பிளந்ததும் வெற்றுப் பெட்டி தெரிந்தால் முடிந்தது கதை. அட்டைக் கட்டில், துணித் துண்டில் திரைச்சீலை, கிழித்த காகிதம், உள்சுவருக்கு வேறு நிறம். எதுவும் நேர்த்தியாக இருக்கத் தேவையில்லை, அரை வினாடிதான் தெரியும்.

வெடி வைக்காதீர்கள். ஆபத்து ஒருபக்கம், பட்டாசுப் புகை இந்த அளவுக்குப் பொருந்தாது என்பது இன்னொரு பக்கம். கீழ்த்தூண்களை இரண்டாக அறுத்து, இடையில் ஆணி செருகி, ஆணியில் மீன்பிடி நரம்பு கட்டிப் பின்னாலிருந்து இழுங்கள். எல்லாத் தூணும் ஒரே கணத்தில் போகக் கூடாது. நரம்புகளை ஒரே கட்டையில் கட்டி, ஒவ்வொன்றுக்கும் 3 செ.மீ. தளர்வு கூட்டிக் கூட்டி விட்டால் வரிசையாகப் போகும். மொட்டைமாடித் தளத்துக்குள் நட்டு, போல்ட், மணல் என்று இரண்டு மூன்று கிலோ எடை மறைத்து வையுங்கள். அது இல்லையென்றால் கட்டடம் பாதியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், இரண்டாவது டேக்குக்குக் கட்டடம் இருக்காது. தகடுகளை முதலிலேயே இரட்டிப்பாக வார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற போனையெல்லாம் இரவல் வாங்கி மூன்று கோணத்தில் வையுங்கள்.

தூசிக்கு நாட்டுமருந்துக் கடை முல்தானி மெட்டி. சினிமாவில் தூசி என்றாலே உலகம் முழுக்க இந்த மண்தான். மெல்லிய துணியில் சலித்து ஒவ்வொரு தளத்திலும் ஒரு பிடி குவித்து வையுங்கள், தளம் விழும் வேகத்தில் ஜன்னல் வழியாகத் தானே பீறிடும். சிமெண்ட் கூடாது, கண்ணையும் நுரையீரலையும் அரித்துவிடும். மைதா கூடாது, காற்றில் பறக்கும் மாவு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். முல்தானி மெட்டிக்கும் முகக்கவசம், கண்ணாடி கட்டாயம்.

கலத்தை 3டி பிரின்டரில் எடுப்பதாக இருந்தால் படிவு அடுக்கைத் தேய்த்து மறையுங்கள். 0.2 மிமீ அடுக்கு 1/25-ல் 5 மிமீ வரப்பு. பக்க வெளிச்சம் பட்டதும் உழுத வயல் மாதிரி தெரியும். மேலே ஒட்டும் நுணுக்கங்களுக்குப் பழைய பிரின்டர் பற்சக்கரம், பேனா மூடி, ரேடியோ உள்பாகம் எல்லாம் உதவும். ‘ஸ்டார் வார்ஸ்’ கலங்கள் மேல் இருப்பதும் கடையில் வாங்கிய டாங்கி கிட்களின் துண்டுகள்தான். பார்த்ததும் அடையாளம் தெரிகிற யுஎஸ்பி வாயை மட்டும் ஒட்டாதீர்கள். நுணுக்கத்தைக் கொத்தாக ஓரிடத்தில் சேர்த்து, பக்கத்தில் வெறும் பரப்பு விடுங்கள். எல்லா இடமும் அடைத்தால் கண் அளவெடுக்க இடமில்லாமல் போகும்.

---

ஆரியபட்டன்2:

தெர்மகோல் பரணுக்குப் போய்விட்டது. காவிப் பொடியும் முல்தானி மெட்டியும் பட்டியலில் ஏறியாயிற்று.

இதே கணக்கு ஃபேன்டசி படங்களுக்கும் பொருந்துமா? குள்ளனும் மந்திரவாதியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும். பச்சைத்திரை இல்லாமல் செய்ய முடியுமா?

---

வேகத்தடை:

முடியும். ‘தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’ (2001) படத்தில் காண்டால்ஃபும் ஃப்ரோடோவும் சேர்ந்து வரும் காட்சிகளில் பல இப்படித்தான். ஒருவரை லென்ஸுக்கு அருகில், மற்றவரைத் தள்ளி உட்கார வைக்கும் பழைய தந்திரம்.

மந்திரவாதி லென்ஸிலிருந்து 2 மீட்டரில், குள்ளன் 3 மீட்டரில் இருந்தால் குள்ளன் மூன்றில் இரண்டு பங்காகத் தெரிவான். 170 செ.மீ. நடிகர் 113 செ.மீ. ஆகிவிடுவார். இருவரும் ஒரே கூர்மையில் வர வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மிமீ லென்ஸ், எஃப் 11, ஃபோகஸ் 3.7 மீட்டரில் வைத்தால் 1.85 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு. மந்திரவாதி முன்னால் சாய்ந்தால் மட்டும் மூக்கு மங்கும், நாற்காலியில் முதுகு ஒட்டி உட்காரச் சொல்லுங்கள்.

மேஜை இரண்டு துண்டு. குள்ளன் பக்கத் துண்டு ஒன்றரை மடங்கு பெரிதாக, லென்ஸ் வழியாகப் பார்க்கையில் விளிம்புகள் ஒட்டும்படி. ஒட்டுகிற இடத்தை ஒரு தட்டோ பழக்கூடையோ மறைக்கட்டும். இருவர் கையிலும் ஒரே மாதிரி கோப்பை இருந்தால் மந்திரவாதியினுடையதைச் சிறிதாகச் செய்ய வேண்டும். பெரும்பாலும் கெடுவது பார்வைக் கோடு. இருவரும் உண்மையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் திரையில் இருவர் பார்வையும் எங்கோ போகும். ஒவ்வொருவரும் தனக்கு நேர் பக்கவாட்டில் உள்ள வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அங்கே ஒரு கம்பில் டேப் ஒட்டி வையுங்கள். நிழலும் காட்டிக்கொடுக்கும், மந்திரவாதியின் நிழல் குள்ளன் மேல் விழவே விழாது. மேலேயிருந்து பரவலான வெளிச்சம் போட்டால் அந்தக் கேள்வி எழாது.

கேமரா அசையக் கூடாது. அசைந்தால் அருகில் இருப்பவர் வேகமாகவும் தள்ளி இருப்பவர் மெதுவாகவும் நகர்ந்து குட்டு உடையும். அந்தப் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு அதற்கு, கேமரா நகரும்போது நடிகரின் இருக்கையையும் சேர்த்து நகர்த்தும் மேடை செய்தது. உங்களுக்கு அது வேண்டாம். பக்கவாட்டில் திருப்பியே ஆக வேண்டுமென்றால் லென்ஸின் நுழைவுத் துளையை மையமாக வைத்துத் திருப்புங்கள். அதைக் கண்டுபிடிக்க, அருகே ஒரு குச்சியும் தூரத்தில் ஒரு குச்சியும் ஒரே கோட்டில் நிறுத்திக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். குச்சிகள் பிரிந்தால் கேமராவை முக்காலியில் முன்னும் பின்னும் நகர்த்தி, பிரியாத இடம் வரும்வரை தேடுங்கள்.

---

மூன்றாவதுகண்:

3டியில் எடுத்தால் இது அடியோடு செத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போனால் யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது தெரிந்துபோகும். 2012-ன் ‘தி ஹாபிட்’ 3டி என்பதால் அதே குழு இந்த வித்தையைக் கைவிட்டு, இரண்டு தனி செட்களில் இரண்டு கேமராக்களை இணைத்து ஒரே நேரத்தில் எடுத்தது.

---

கரும்பெட்டி:

ஒண்ணு விட்டுப்போச்சு. போனோட சொந்த ஸ்லோமோஷன் மோட் தொடக்கத்தையும் முடிவையும் சாதாரண வேகத்துல ஓட்டி, நடுவை மட்டும் மெதுவாக்கும். சில போன்ல ஃபிரேம் வேகமே நிலையா இருக்காது, 120-னு காட்டிட்டு 113-க்கும் 120-க்கும் நடுவுல அலையும். கட்டடத்தை உடைக்கறதுக்கு முன்னாடி, 60 செ.மீ. உயரத்துலேர்ந்து ஒரு கோலிக்குண்டைப் போட்டு எடுங்க. விரலை விட்டதுலேர்ந்து தரையைத் தொடற வரைக்கும் ஃபிரேமை எண்ணுங்க. 42 வந்தா 120 சரியா ஓடுது. 84 வந்தா போன் 240-ல எடுத்திருக்கு. 42-க்குக் கீழ இரண்டு மூணு ஃபிரேம் குறைஞ்சா ஆப்பை மாத்துங்க.